செத்தவர்களிடம் கூலி கேட்டவள்

நெல்டா ஸ்டான்சிலின் லாரிக் கதவில் இரண்டு வரிகள் எழுதியிருக்கும். "புதர் வெட்டி நிலம் சுத்தம் செய்யப்படும்" என்பது முதல் வரி. அதற்குக் கீழே, "வந்து பார்ப்பது இலவசம். வெட்டுவது இலவசம் இல்லை." வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு, யாரோ வேடிக்கைக்கு எழுதியது என்று சிரிப்பார்கள். எங்கள் மலையில் யாரும் சிரிப்பதில்லை. அந்த இரண்டாவது வரி எப்படி வந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்வதற்கு எனக்குத்தான் முதல் உரிமை, ஏனென்றால் பாதி என் கடையில் நடந்தது, மீதியை என் கண்ணால் பார்த்தேன்.

வட அலபாமாவில் இந்த மலைமேல் சாலைகள் கூடும் இடத்தில் இருக்கிறது என் கடை. ஒரு பக்கம் மாட்டுத் தீவனம், ஆணி, ரம்பத்துக்கு எண்ணெய், தூண்டில் புழு. மறு பக்கம் நான்கு மேசைகள், காப்பி, காலையில் சுடச்சுட ரொட்டியும் பன்றி வறுவலும். மிஸ் எட்னா கடை என்றால் குழந்தையும் வழி சொல்லும். காப்பிக்காக வருகிறவர்களைவிட வம்புக்காக வருகிறவர்கள் அதிகம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வம்பு பேசுகிறவன் இரண்டு கோப்பை குடிப்பான்.

நெல்டா பள்ளிக்கூடம் முடித்த கையோடு சாக்ஸ் மில்லுக்குப் போனவள். பின்னல் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. கல்யாணம் செய்தாள், அது சரிப்படவில்லை, அவன் ஹன்ட்ஸ்வில் பக்கம் போய்விட்டான், இவள் அப்பா லூதரோடு இருந்துவிட்டாள். மில்லுக்கு ஆர்டர் குறைந்த கடைசிக் குளிர்காலத்தில், சூப்பர்வைசர் வெண்டல் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். "நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பம் கஷ்டத்துல இருக்கறப்ப கணக்குப் பாக்கக் கூடாது" என்றார். சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வந்து வேலை செய்தால் மில்லைக் காப்பாற்றிவிடலாம் என்று சொன்னார். நெல்டா ஒரு சனிக்கிழமையையும் விடவில்லை. லூதர் நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கையாக இருந்த நாட்கள் அவை. அவர் உயிர் போனதும் ஒரு சனிக்கிழமைதான். அந்த நேரத்தில் இவள் ஏதோ ஒரு இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள்.

அப்பாவைப் புதைத்த சில வாரங்களிலேயே, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெண்டல் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நெல்டாவிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "திங்கட்கிழமை வர வேண்டாம்மா, வேலை இல்ல." அந்த வெண்டல்தான் எங்கள் தேவாலயச் சபையின் காரியங்களைப் பார்க்கும் மூத்த டீக்கனும்கூட. ஞாயிற்றுக்கிழமை அவரே காணிக்கைத் தட்டை நீட்டினார். நெல்டா அதைத் தொடாமல் பக்கத்திலிருந்த எனக்குத் தள்ளினாள்.

மில் மூடினால் இங்கே எல்லோரும் போகும் இடம் கோழி ஆலை. வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குளிர் அறையில் நின்று நாள் முழுக்க எலும்பு பிரிக்க வேண்டும். நெல்டாவும் போவாள் என்றுதான் நினைத்தோம். அவளோ அப்பாவின் மாடுகளை விற்றாள், மில் கொடுத்த கடைசிப் பணத்தையும் சேர்த்தாள், கீழே டவுனில் நடந்த ஓர் ஏலத்துக்குப் போனாள். வீடுகள் விலைபோகாமல் நின்ற காலம் அது. கடன் கட்ட முடியாத கான்ட்ராக்டர்களின் இயந்திரங்கள் வரிசையாக ஏலத்துக்கு வந்தன. ரப்பர் பட்டையில் ஓடுகிற, ஒரே ஆள் உட்காரக்கூடிய, முன்பக்கம் பல் பதித்த உருளை சுழலும் வண்டி ஒன்றை எடுத்து வந்தாள். தொடைப் பருமனுள்ள மரத்தை நின்ற இடத்திலேயே பொடியாக்கித் தரையில் பரப்பிவிடும் வண்டி அது.

மறுநாள் என் கடையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. நெல்டாவும் காப்பிக்கு வந்திருந்தாள். லமார் டிட்மோர் தன் மேசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மலையிலிருக்கும் ஒரே புல்டோசர் அவனுடையது. எந்த நிலத்தை யார் திருத்தினாலும் லமார்தான் மரத்தைத் தள்ளுவான், குவிப்பான், தீ வைப்பான். அது அவன் அப்பா காலத்திலிருந்து நடப்பது.

"ஊரே கடையச் சாத்திக்கிட்டிருக்கு, இவ கடை தெறக்கறா," என்றான். "வீடு கட்ட ஆளில்ல நெல்டா. யாரு நிலத்தப் போய்ச் சுத்தம் பண்ணப் போற?"

"வீடு கட்ட முடியாதவனுக்கும் வேலி இருக்கு லமார். வேலி இருந்தா புதர் இருக்கு."

"தனியாவா? வண்டி சேத்துல கவுந்தா யாரு தூக்குவா?"

"நீ தூக்க வருவேன்னு நான் எதிர்பாக்கல. காப்பியக் குடி, ஆறுது."

"பொம்பள சாக்ஸ் தைக்கலாம். காடு வெட்டலாமா?"

"நான் சாக்ஸ் தைச்சதே இல்ல. தைக்கற மெஷினப் பிரிச்சு மாட்டுனேன். உன் டோசர் ரெண்டு மாசமா எண்ணெய் ஒழுக்குது, வழியெல்லாம் தடம் தெரியுது. கொண்டு வா, பாத்துத் தரேன். காசுக்குத்தான்."

நான் சிரித்ததில் ரொட்டித் தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது. லமார் சிரிக்கவில்லை.

அந்த இலையுதிர்காலம் அவளுக்கு மோசமாகப் போகவில்லை. மான் வேட்டைக்கு வரும் நகரத்து ஆட்களுக்குச் சுடுவதற்கு வசதியாக நீளநீளமாய் வழி வெட்டிக் கொடுத்தாள். கோழிப் பண்ணைக்காரர் ஒருவருக்கு வேலியோரம் முழுவதும் திருத்தினாள். எங்கள் மலையின் சாபம் ப்ரிவெட் என்கிற புதர். யாரோ புண்ணியவான் அழகுக்காக வேலியில் கொண்டுவந்து நட்டது, இப்போது வேலியையும் வயலையும் தின்றுவிட்டு வீட்டு வாசலுக்கு வருகிறது. லமாரின் டோசர் அதை வேரோடு பிடுங்கும், கூடவே நல்ல மண்ணையும் வாரிக்கொண்டு போகும். நெல்டாவின் வண்டி பொடியாக்கி அங்கேயே விட்டுவிடும். "குப்பைய அங்கயே போட்டுட்டுப் போறா" என்று லமார் சொல்லிக்கொண்டு திரிந்தான். மழை பெய்தபோது அந்தக் குப்பை மண்ணைப் பிடித்துக்கொண்டதை நிலத்துக்காரர்கள் பார்த்தார்கள். மெதுவாக ஆள் வர ஆரம்பித்தது.

முகத்தில் மரத்தூளும் டீசல் வாடையுமாகக் காலையில் என் கடைக்கு வருவாள். ஒருநாள் கேட்டேன். "எப்படிடி இருக்கு?"

"முதுகு வலிக்குது மிஸ் எட்னா. ஆனா யாரும் என்னைக் கூப்பிட்டு வச்சு 'குடும்பம்'னு சொல்றதில்ல."

வசந்தம் பிறந்ததும் பிரச்சினை வந்தது. மே மாதம் இரண்டாம் ஞாயிறு எங்களுக்கு அலங்கார ஞாயிறு. எங்கெங்கோ போய்விட்ட பிள்ளைகளெல்லாம் அன்று திரும்பி வருவார்கள். கல்லறைகளுக்குப் பூ வைத்து, பாட்டுப் பாடி, மரத்தடியில் மேசை போட்டுச் சாப்பிடுவோம். அதற்கு முந்தின நாள் அவரவர் குடும்பத்துக் கல்லறையை அவரவர் வந்து சுத்தம் செய்ய வேண்டும். இதுதான் முறை. ஆனால் ஓடைக்கு அப்பால் இருக்கும் எங்கள் பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் போகவில்லை. கடைசியாக உள்ளே போனவர் லூதர். அப்போதே பெட்டி தூக்கியவர்களின் கோட்டெல்லாம் முள்ளில் கிழிந்தது. அதன்பிறகு வந்த பனிப்புயலில் பைன் மரங்கள் பாதைக்குக் குறுக்கே விழுந்தன, மேலே ப்ரிவெட்டும் முள்ளும் படர்ந்தன. முந்தின வருஷ அலங்கார ஞாயிறன்று பூக்களை இரும்புக் கேட்டில் செருகிவிட்டுத் திரும்பினோம். என் புருஷனும் உள்ளேதான் இருக்கிறான். கேட்டுக்குப் பூ வைத்துவிட்டு வருவது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

மார்ச் மாதம் ஒரு காலை, வெண்டல் இன்னும் இரண்டு டீக்கன்களோடு என் கடைக்கு வந்தார். நெல்டா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"நெல்டா, கர்த்தர் உனக்கு ஒரு நல்ல மெஷினக் குடுத்திருக்காரு."

"கர்த்தர் குடுக்கல பிரதர். அப்பா மாட்ட வித்து ஏலத்துல எடுத்தேன்."

"எல்லாம் அவர் செயல்தான். இந்த வருஷம் பழைய தோட்டத்த நீ திருத்திக் குடுக்கணும்னு சபை ஆசப்படுது."

"செய்யலாம். நான் போய்ப் பாத்திருக்கேன். ரெண்டு நாள் வேலை. வண்டி கல்லறைமேல ஏறாது, பாதையும் ஓரமும் வண்டியில, உள்ள கைரம்பத்துல. ஒரு நாளைக்கு ஆயிரம் டாலர். எல்லாருக்கும் சொல்ற அதே விலை."

வெண்டல் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கல்லறை வேலைக்கு இங்க யாரும் காசு வாங்குனதில்லம்மா. உனக்குத் தெரியாததா? நாங்க அன்பின் காணிக்கை எடுத்துத் தர்றோம்."

"எவ்வளவு வரும்?"

"அது ஜனங்க மனசப் பொறுத்தது."

"பங்க்ல என் மனசப் பொறுத்தா டீசல் ஊத்துறாங்க?"

ஒரு டீக்கன் இருமினார். வெண்டல் குரலைத் தாழ்த்தினார். "நெல்டா, நாமெல்லாம் ஒரே குடும்பம்..."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து நான் பார்க்கிறேன், அவள் முகம் அப்படி வெளுத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

"அந்த வார்த்தைய என்கிட்ட இன்னொருதரம் சொல்லாதீங்க பிரதர். அந்த வார்த்தைக்காக ஒரு குளிர்காலம் பூரா சும்மா ஒழைச்சேன். எங்கப்பா மூச்சுக்குத் தவிச்சப்ப உங்க மெஷினுக்கு அடியில படுத்துக் கெடந்தேன். எங்கப்பா படுத்திருக்கற எடத்துக்கு நான் உங்ககிட்டக் காசு கேக்கல. அத நானே பாத்துக்கறேன், அது மகளோட வேலை. மத்த எடத்துக்கு விலை இருக்கு. காணிக்கை பாஸ்டருக்கு. எனக்குக் கூலி."

இந்த இடத்துக்காகவே காத்திருந்தவன்போல லமார் எழுந்தான். "எதுக்கு அவகிட்டக் கெஞ்சறீங்க? நான் சும்மா செஞ்சு தரேன். செத்தவங்ககிட்ட நான் கூலி கேக்க மாட்டேன்."

ஆள் ஆளுக்கு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நெல்டா காப்பிக்குக் காசை வைத்துவிட்டுப் போனாள்.

"செத்தவங்ககிட்டக் கூலி கேட்டவ." சாயங்காலத்துக்குள் மலை முழுக்க அதுதான் பேச்சு. இங்கே நிலம் வைத்திருப்பவன் எல்லோரும் ஏதாவது ஒரு சபையில் இருக்கிறான், எல்லாச் சபையிலும் ஒரு வெண்டல் இருக்கிறார். வசந்தத்துக்குப் பேசி வைத்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒருவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றார். இன்னொருவர் புதர் இருப்பதே மாட்டுக்கு நிழல் என்று கண்டுபிடித்தார். ஏப்ரல் மாதம் நெல்டாவின் வண்டி பெரும்பாலும் அவள் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றது.

வந்த ஒன்றிரண்டு வேலைகளில் ஒன்று நெடுஞ்சாலை ஓரத்தில். அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சவ ஊர்வலம் வந்தது. எங்கள் பக்கம் சவ வண்டி வந்தால் எதிரில் வரும் கார்கூட ஓரங்கட்டி நிற்கும். நெல்டா இயந்திரத்தை அணைத்தாள், இறங்கினாள், தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கடைசிக் கார் போகும்வரை நின்றாள். ஊர்வலத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "இப்படி நிக்கறதுக்கும் கேட்டிருந்தா விலை சொல்லியிருப்பா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். இதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஊர்க்காரர்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் சில நாட்களில் பிடிக்காது.

ஏப்ரல் கடைசியில் நான் அவளிடம் நேராகவே கேட்டேன். "எத்தனை நாளு தாங்குவ?"

"அலங்கார ஞாயிறு வரைக்கும் டீசலுக்கு இருக்கு. அதுக்கு மேல இல்ல."

"அப்புறம்?"

"நேத்து கோழி ஆலைக்குப் போனேன் மிஸ் எட்னா. உள்ள போகல. கார்லயே உக்காந்திருந்தேன். ஷிப்ட் விட்டுச்சு. மில்லுல என்கூட இருந்தவங்கதான் எல்லாரும். ஒருத்தி கைய விரிக்க முடியாம, ஸ்டியரிங்க மணிக்கட்டால திருப்பிக்கிட்டுப் போறா. அந்த வேலைக்குத்தான் வெண்டல் சிபாரிசு செய்றேன்னு ஆள் விட்டிருக்காரு."

"சும்மா ஒரு தரம் செஞ்சு குடுத்துடேன். வாய அடைச்சிடலாம். ரெண்டு நாள்தான."

"ஒரு தரம் சும்மா செஞ்சா, அப்புறம் எப்பவும் நான் சும்மா கெடைக்கறவ. சபைக் கொட்டகை, டீக்கன் மச்சான் வேலி, பள்ளிக்கூட மைதானம், எல்லாத்துக்கும் ஒரு குடும்பம் இருக்கும். அப்படித்தான் இருக்கணும்னா ஆலைக்கே போறேன். அங்க எலும்பு பிரிச்சாலும் கூலின்னு சொல்லித்தான் குடுக்கறான்."

நான் அவள் கோப்பையை மறுபடி நிரப்பினேன்.

லமாரா? தரை காயட்டும் என்றான். காய்ந்தது. ஒரு குளம் வெட்டும் வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றான். முடித்தான். அடுத்து இன்னொருவருக்குக் கோழிக் கொட்டகைக்கு மேடு தள்ளப் போனான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். காசு வரும் வேலை ஒரு பக்கமும் காசு வராத வேலை ஒரு பக்கமும் இருந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம் திரும்பியது. வெண்டல் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் பிரதர்" என்பான். இலவசமாகச் செய்பவனை யாரும் அதட்ட முடியாது, அதுவும் ஒரு வசதி.

அலங்கார ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையும் வந்தது. ஓடைப் பக்கமிருந்து நெல்டாவின் வண்டி உறுமும் சத்தம் கேட்டு, ஒரு ஜாடி எலுமிச்சைச் சாறோடு கிளம்பிப் போனேன். கேட் திறந்திருந்தது. விழுந்த பைன் மரங்களைத் துண்டுபோட்டு ஒதுக்கிவிட்டு, வண்டியைச் சாலையிலிருந்து உள்ளே விட்டிருந்தாள். நான் நிற்கும்போதே வெண்டலின் காரும் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"நெல்டா, வேலை நடக்குதா?"

அவள் இயந்திரத்தை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "ஆமா பிரதர். எங்கப்பா எடத்தச் சுத்தம் பண்றேன். இன்னிக்குத்தான நாள்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார் வெண்டல். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் புரிந்திருக்கும். நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். எதற்கு என்று விட்டுவிட்டேன். சாயங்காலமே என் வீட்டுத் தொலைபேசி மணியடித்தது. "நெல்டா மனந்திரும்பிட்டா, தோட்டம் பூரா சுத்தமாகுது, மேசை நாற்காலியெல்லாம் கொண்டு வாங்க" என்று சபைக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அட்லாண்டாவிலிருந்து, சாட்டனூகாவிலிருந்து, யாருக்கு யார் என்றே மறந்துபோன உறவுகளெல்லாம் வந்திருந்தன. கைகொள்ளாத பூ. வறுத்த கோழி, பீன்ஸ், முட்டை, வாழைப்பழப் புட்டிங், மடக்கு மேசைகள். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினால், உள்ளே ஒரு வண்டி போகும் அகலத்துக்கு ஒரு வழி. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ப்ரிவெட் ஆள் உயரத்துக்கு அப்படியே நின்றது.

ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிந்தது. மரத்தூள் மெத்தையில் ஞாயிற்றுக்கிழமைச் செருப்புகள் புதைய, தலைக்குமேல் மேசைகளைத் தூக்கிக்கொண்டு எறும்புச் சாரிபோல் போனோம். ஸ்டான்சில் குடும்பத்து இடம் தோட்டத்தின் கடைசி மூலையில். அதனால் எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இலைகளுக்கு நடுவே இங்கே ஒரு கல்லின் தலை, அங்கே ஒரு சிலுவையின் கை. "அது நம்ம மாமாதான?" என்று யாரோ கேட்டார்கள். என் புருஷனின் கல் கைநீட்டினால் தொட்டுவிடலாம்போலத் தெரிந்தது. கை எட்டவில்லை, முள் கீறியதுதான் மிச்சம்.

வழி முடிந்த இடத்தில் சதுரமாக ஒரு வெளி. லூதருக்கும் அவர் மனைவிக்கும் அவரைப் பெற்றவர்களுக்கும் உள்ள இடம் மட்டும். ஒரு புல் இல்லாமல் சுரண்டி, மண்ணை வரிவரியாக வாரி, கற்களைக் கழுவி, லில்லிப் பூ வைத்திருந்தாள். எல்லைக் கல்லுக்கு ஓர் அங்குலம் வெளியே அவள் கை போகவில்லை. நெல்டா நீலச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கோழிக்கறி டப்பா.

"வாங்க," என்றாள். "உக்காருங்க. எடம் கொஞ்சம் சின்னது."

லமார் முன்னால் வந்தான். கையில் பீன்ஸ் தட்டு. "நாங்க நடந்து வந்த வழிக்கும் வரி உண்டா?"

"நடக்கறதுக்கு விலை இல்ல லமார். எங்கப்பாவப் பாக்க வந்தவங்க நீங்க."

வெண்டலின் முகம் சிவந்திருந்தது. "என்ன நெல்டா இது? நேத்து நீ..."

"நேத்தே சொன்னேனே பிரதர், எங்கப்பா எடம்னு. அவங்கவங்க எடத்த அவங்கவங்கதான சுத்தம் பண்ணணும். அதுதான முறை? நான் முறையத் தாண்டல."

எங்கள் முறையைத்தான் எங்களிடமே திருப்பிக் கொடுத்திருந்தாள். அட்லாண்டாக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் லமாரைப் பார்த்தோம்.

அப்போதுதான் லமாரின் மனைவி ஐமோஜீன் பேசினாள். சபையில் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதைத் தவிர அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. மஞ்சள் கவுன் போட்டு, கையில் பூங்கொத்தோடு நின்றாள். அவள் அம்மாவின் கல் அந்தச் சதுரத்துக்கு வெளியே, இரண்டு புதருக்கு அப்பால் தெரிந்தது.

"லமார், எங்கம்மா அங்க இருக்கா."

"நாளைக்கே வந்து தள்ளிடறேன் ஐமோஜீன்..."

"நீ மார்ச்சுலருந்து நாளைக்கு வர்ற." அதோடு நிறுத்தவில்லை. "வீட்டுக்குப் பின்னாடி கொளம் இருக்கு. ஆறு வருஷமா அந்தத் தண்ணிய நான் பாக்கல. தினமும் டோசர் என் சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா வந்து நிக்குது, அதுக்குப் பின்னாடியே புதரு கொளத்த மறைக்குது. பொண்டாட்டிகிட்டக் காசு வராதுல்ல, அதான்." பிறகு நெல்டாவின் பக்கம் திரும்பினாள். "சபைத் தோட்டத்துக்குச் சபை குடுக்கட்டும். என் கொளத்துக்கு நான் குடுக்கறேன். முட்டை வித்த காசு, அது என் காசு. நாளைக்குக் காலைல வர முடியுமா?"

"ஒரு நாள் வேலை ஆகும்," என்றாள் நெல்டா. "விலை தெரியும்ல?"

"ஊருக்கே தெரியும்."

லமார் பீன்ஸ் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது, இரண்டையும் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன்.

வெண்டல் நிலைமையைச் சரிக்கட்டப் பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றி, அதில் ஒரு நோட்டைப் போட்டு, "சகோதர சகோதரிகளே, நம்ம சகோதரிக்கு ஓர் அன்பின் காணிக்கை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். தொப்பி கை மாறி மாறிக் கூட்டம் முழுக்கச் சுற்றியது. வெட்கப்பட்டவர்கள் தாராளமாகவே போட்டார்கள். நிறைந்து வழிந்த தொப்பி கடைசியில் நெல்டாவிடம் வந்தது. அவள் அதற்குள் பார்க்கவே இல்லை. முன்பு காணிக்கைத் தட்டைத் தள்ளியதுபோலவே அதையும் எனக்குத் தள்ளினாள்.

"மிஸ் எட்னா, இத பாஸ்டர்கிட்டக் குடுத்துடுங்க. சபைக்கூரை ஒழுகுது."

பிறகு கோழிக்காலை எடுத்துக் கடிக்கத் தொடங்கினாள். அத்தனை பேரும் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெண்டலின் தாயும் தகப்பனும், அவர் சின்ன வயதில் பறிகொடுத்த தம்பியும் அவருக்குப் பின்னால் முள்ளுக்குள் கிடந்தார்கள். அவர் ஒருதரம் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு வந்து அவள் நாற்காலிக்கு எதிரில் நின்றார், வெறுந்தலையோடு.

"சரி நெல்டா. கூலிதான். நீ சொன்ன விலை, ரெண்டு நாளு. சபை குடுக்கும், இத்தனை பேர் முன்னால சொல்றேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "திங்கட்கிழமை காலைல வந்து ஆரம்பிச்சிடறியா?"

நெல்டா கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தாள். அப்பாவின் கல்லை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கெழமை வரேன் பிரதர். திங்கட்கெழமை எனக்கு வேலை இருக்கு."